ஆசிரியர் வேலையை விட்ட பிறகு எந்தப் பக்கம் போவது?

ஆசிரியர் வேலையை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர்களும், விட்டுவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் இருப்பவர்களும் என்னிடம் பேசும்போது, பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: "பாடம் நடத்துவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?" நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்திவிட்டு வெளியே வந்து, இப்போது தேர்வு வினாக்களும் பயிற்சிப் பாடங்களும் தயாரிக்கும் வேலையில் இருப்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். வேலைகளின் பெயர்ப் பட்டியல் தேடினால் எங்கும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் எது யாருக்குப் பொருந்தும், எது பழைய களைப்பையே வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் அந்தக் கேள்வியைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். பணிச்சோர்வு என்று இன்று நாம் சொல்லும் நிலையை உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் விவரித்து எழுதினார். அதை அளப்பதற்கான வினாநிரலை 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்டார்கள். அந்தச் சோர்வில் மூன்று கூறுகள் இருப்பதாக அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: உள்ளிருக்கும் சக்தி முழுவதும் வற்றிப்போவது, வேலையிலிருந்தும் அதில் நாம் சந்திக்கும் மனிதர்களிடமிருந்தும் மனம் விலகிப்போவது, தன்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் வேரூன்றிவிடுவது. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய் வகைப்பாட்டிலும் இதே மூன்று கூறுகள்தான் இருக்கின்றன. அங்கே இதை நோய் என்று வகைப்படுத்தாமல், வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றே குறித்திருக்கிறார்கள்.

மூன்றாவது கூறைக் கவனித்துப் பாருங்கள். "எனக்கு வேறென்ன தெரியும்" என்ற கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் அந்தச் சோர்வுதான். ஆண்டுக்கணக்கில் நாற்பது பேர் கொண்ட அறையை அமைதியாக வைத்துக்கொண்டு, அதே நேரத்தில் ஒரு புதிய கருத்தையும் விளக்கி, யாருக்குப் புரியவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவருக்கு ஒன்றும் தெரியாது என்பது நடக்காத காரியம். ஆனால் சோர்ந்திருக்கும்போது போடும் கணக்கில் நம்முடைய மதிப்பு எப்போதும் குறைவாகத்தான் வரும். அந்தக் கணக்கை நம்பி, முதலில் கிடைத்த வேலையை, சம்பளத்தைப் பற்றிக்கூடப் பேசாமல் ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே குடும்பச் செலவுக்கு வழி இருக்குமானால், வேலையை விட்டதற்கும் அடுத்த வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கும் இடையில் கொஞ்ச காலம் விட்டுவைப்பது நல்லது. வழி இல்லையென்றால், மனதை அதிகம் கேட்காத ஏதாவது ஒரு வேலையைத் தற்காலிகம் என்று சொல்லியே ஏற்றுக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. வேலையை விட்டு மாதங்கள் ஆன பின்பும் தூக்கம் வரவில்லை, எதிலும் நாட்டம் இல்லை என்றால் அதை வெறும் பணிச்சோர்வு என்று எண்ணித் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் மனச்சோர்வு நோயும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

வேலையை விட்டவர்கள் தாங்கள் மட்டும் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். யுனெஸ்கோவின் கணக்குப்படி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஆண்டுதோறும் பணியை விட்டு வெளியேறுவோரின் விகிதம் உலக அளவில் 2015இல் 4.6 விழுக்காடாக இருந்தது; 2022இல் அது ஏறக்குறைய 9 விழுக்காடாகிவிட்டது. 2030க்குள் உலகுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று அதே அமைப்பு சொல்கிறது. இவ்வளவு பேர் வெளியேறுகிறார்கள் என்றால், தனிமனிதர்களின் மன உறுதியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்த வேலையைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பள்ளியில் கழிந்த ஒரு சாதாரண வாரத்தை எடுத்துக்கொண்டு, மணி மணியாக என்ன செய்தோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பாடம் நடத்திய நேரம், பாடக்குறிப்பு எழுதிய நேரம், விடைத்தாள் திருத்திய நேரம், மதிப்பெண்களைப் பதிவேட்டிலும் கணினியிலும் இரண்டு முறை ஏற்றிய நேரம், விடுப்பில் போனவருடைய வகுப்பைப் பார்த்துக்கொண்ட நேரம், பெற்றோரின் செய்திகளுக்கு இரவில் பதில் எழுதிய நேரம், கூட்டங்களில் உட்கார்ந்திருந்த நேரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும், அது முடிந்தபோது மனம் எப்படி இருந்தது என்று நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை எழுதிப் பார்த்த பலருக்கு வியப்பாக இருக்கும். "பாடம் நடத்துவதையே வெறுத்துவிட்டேன்" என்று சொன்னவருடைய தாளில், பாடம் நடத்திய மணிகளின் எதிரில்தான் நல்ல குறிப்புகள் இருக்கும். மாலை ஐந்து மணிக்குப் பின் வந்தவற்றின் எதிரில்தான் கசப்பு இருக்கும்.

இந்தத் தாள் இல்லாமல் வேலை தேடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. நிர்வாகத்தின் கெடுபிடி மட்டுமே உங்களை உடைத்தது என்றால் தொழிலை மாற்றுவதற்கு முன் பள்ளியை மாற்றிப் பார்க்கலாம். வேறொரு தலைமை ஆசிரியரின் கீழ் அதே வேலை வேறு வேலையாகவே ஆகிவிடுவதுண்டு. எழுத்து வேலையின் சுமைதான் காரணம் என்றால், அலுவலகங்களிலும் அதே சுமை காத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மனிதர்களின் நெருக்கம்தான் தாங்க முடியாமல் போனது என்றால் பாதை முற்றிலும் வேறு. வகுப்பறைகளை உள்ளிருந்து கவனித்த அமெரிக்க ஆய்வாளர் ஃபிலிப் ஜாக்சன், தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒரு நாளில் மற்றவர்களோடு 1000 முறை வரை பேச்சிலோ செயலிலோ தொடர்புகொள்ள நேர்கிறது என்று 1968இல் எழுதினார். ஒவ்வொரு தொடர்பிலும் ஒரு சிறு முடிவு இருக்கிறது: இவனை இப்போது கண்டிப்பதா, பார்க்காதது போல் விடுவதா, இவளுடைய கேள்விக்கு இப்போதே பதில் சொல்வதா, பிறகா. இதில் களைத்தவருக்கு அமைதியான மேசை வேலை மருந்துபோல இருக்கும். இதில் உயிர்ப்பு பெற்றவருக்கு அதே மேசை சில மாதங்களில் சிறையாகிவிடும்.

நான் நன்கு அறிந்த துறையிலிருந்தே தொடங்குகிறேன். தேர்வு வினாக்கள் தயாரிக்கும் வேலையைப் பற்றி ஆசிரியர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தேர்வு வாரியங்களும், பாடநூல் பதிப்பகங்களும், இணையவழிக் கற்றல் நிறுவனங்களும், வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளை நடத்தும் நிறுவனங்களும் ஓயாமல் வினாக்களை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த வேலையில் வகுப்பறை அனுபவம் எப்படிப் பயன்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1/2, 1/3 என்ற இரண்டு பின்னங்களின் கூடுதல் என்ன என்று ஒரு பல்தேர்வு வினா எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 5/6. மீதமுள்ள மூன்று தவறான விடைகளை எழுதுவதில்தான் திறமையே இருக்கிறது. கணிதம் மட்டும் தெரிந்தவர் ஏதோ மூன்று பின்னங்களைப் போட்டுவிடுவார். வகுப்பில் நின்றவரோ முதலில் 2/5 என்று எழுதுவார், ஏனெனில் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிடும் பிள்ளைகளின் நோட்டுகளை அவர் ஆண்டுதோறும் திருத்தியிருக்கிறார். பகுதியை 6 என்று சரியாக மாற்றிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்துவிடும் பிள்ளைக்காக 2/6. கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்கிவிடும் பிள்ளைக்காக 1/6. இப்படி எழுதப்பட்ட வினாவில், ஒரு பிள்ளை தவறான விடையைத் தேர்ந்தெடுத்தாலும் அவனுக்கு எந்த இடத்தில் தடுக்கியது என்பது வெளியே தெரிந்துவிடும்.

இந்த அறிவைப் பற்றித்தான் கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1986இல் விளக்கமாக எழுதினார். பாடத்தை அறிந்திருப்பது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பது இன்னொன்று. இந்தக் குறிப்பிட்ட பாடத்தை இந்த வயதுப் பிள்ளைகள் எங்கே எப்படித் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று அறிந்திருப்பது இரண்டிலும் சேராத தனி அறிவு. ஆசிரியராக வேலை பார்த்தவரைத் தவிர மற்றவர்களுக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. வேலை தேடும்போது நீங்கள் கையில் எடுத்துச் செல்லும் பெரிய சொத்து அதுதான். அதோடு கொஞ்சம் புள்ளியியலையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால் போதும். 100 பேர் எழுதிய வினாவுக்கு 70 பேர் சரியாக விடையளித்தால் அதன் எளிமை அளவு 0.70. மொத்தத்தில் அதிக மதிப்பெண் பெற்றவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் ஒரு வினாவுக்கு அதிகமாகச் சரியான விடை எழுதியிருந்தால், விடைக்குறிப்பிலோ வினாவின் வாக்கியத்திலோ பிழை இருக்கிறதா என்று உடனே போய்ப் பார்க்க வேண்டும். நல்ல மாணவன் ஏன் இந்த வினாவில் ஏமாந்தான் என்று ஆராய்வது எனக்கு இன்றும் அலுக்காத வேலை. குறைகளும் உண்டு. பெரும்பாலான வேலை ஒப்பந்த அடிப்படையில், வினாவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும். ஒரு மாதம் நிறைய இருக்கும், அடுத்த மாதம் ஒன்றுமே இருக்காது. தேர்வு இரகசியம் காக்க வேண்டியிருப்பதால், எழுதிய வினாக்களை அடுத்த நிறுவனத்திடம் மாதிரியாகக் காட்டவும் முடியாது. ஆகவே சொந்தமாகச் சில மாதிரி வினாக்களை எழுதி, ஒவ்வொரு தவறான விடைக்கும் காரணக் குறிப்புச் சேர்த்து வைத்துக்கொள்வது அவசியம்.

இதற்கு அண்டை வீடு போன்றது இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் எனப்படும் பாட வடிவமைப்பு வேலை. மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை, மென்பொருள் நிறுவனம் எதுவானாலும் தன் ஊழியர்களுக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அந்தப் பாடத்தை வடிவமைத்துக் கொடுப்பது இந்த வேலை. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஆடி (ADDIE) என்ற முறையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேவையை ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், நடைமுறைப்படுத்துதல், மதிப்பிடுதல் என்ற ஐந்து படிகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1970களின் நடுவில் அமெரிக்க இராணுவத்துக்காக உருவான முறையிலிருந்து வந்தது. பாடக்குறிப்பு எழுதி, பாடம் நடத்தி, தேர்வு வைத்து, முடிவைப் பார்த்து அடுத்த ஆண்டுக்குப் பாடக்குறிப்பைத் திருத்தியவர் அந்த ஐந்து படிகளிலும் ஏற்கெனவே நடந்திருக்கிறார்.

இந்த வேலையின் மையம் ஸ்டோரிபோர்டு என்ற ஆவணம். ஒரு பக்கத்தை மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்து, திரையில் என்ன தெரிய வேண்டும், குரலில் என்ன கேட்க வேண்டும், கற்பவர் என்ன செய்ய வேண்டும் என்று காட்சி காட்சியாக எழுதுவார்கள். நோயாளியைக் கவனிப்பவர் எப்போதெல்லாம் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு ஐந்து தருணங்களை வரையறுத்திருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த மருத்துவமனை உதவியாளர்களுக்கு இதைக் கற்பிக்கப் பாடம் தயாரிக்கச் சொன்னால், அனுபவம் இல்லாதவர் ஐந்தையும் ஒரே திரையில் வரிசையாக எழுதி, குரலிலும் அதையே படிக்க வைத்துவிடுவார். ஆசிரியராக இருந்தவர் வேறு மாதிரி தொடங்குவார். உதவியாளர் ஒருவர் நோயாளியைத் தொடவே இல்லை. கட்டிலின் பக்கக் கம்பியை மட்டும் உயர்த்திவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். அவர் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டுமா? கற்பவரில் பலர் வேண்டாம் என்பார்கள். வேண்டும் என்பதே சரி. நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின்பும் சுத்தம் செய்ய வேண்டும் என்பதுதான் ஐந்தாவது தருணம். முதலில் கேட்டு, தவறவிட்டு, பிறகு விளக்கத்தைக் கேட்பவருக்கு அது மறக்காது. இந்த உத்தியை வகுப்பில் நீங்கள் எத்தனையோ முறை பயன்படுத்தியிருப்பீர்கள்.

பழகிப் பார்ப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. 2002இல் முதல் பதிப்பு வெளிவந்த மூடுல் என்ற கற்றல் மேலாண்மை மென்பொருள் திறந்த மூலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; ஊடாடும் பயிற்சிகளைச் செய்ய ஹெச்ஃபைவ்பி என்ற திறந்த மூலக் கருவியும் இருக்கிறது. நிறுவனங்கள் பரவலாகக் கேட்கும் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் கட்டணம் உள்ள மென்பொருள் என்றாலும், சோதனைக் காலம் தருகிறார்கள். மாதிரிக்கு இரண்டு சிறு பாடங்கள் செய்து வைத்துக்கொண்டால், நேர்காணலில் அவை சான்றிதழைவிட அதிகம் பேசும். ஆனால் இந்த வேலையில் உள்ள ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் செய்த பாடத்தை ஆயிரம் பேர் படித்தாலும், ஒருவருடைய முகத்தையும் நீங்கள் பார்க்கப்போவதில்லை. புரிந்த கணத்தில் ஒரு பிள்ளையின் கண்கள் விரிவதற்காகவே பள்ளிக்குப் போய்வந்தவர்களுக்கு இது பெரிய குறை. மூன்றாம் முறை திருத்திக் கொடுத்த பாடத்தை வாடிக்கையாளர் முதல் வடிவமே நன்றாக இருந்தது என்று திருப்பி அனுப்புவதற்கும் பொறுமை வேண்டும்.

முகங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு நிறுவனப் பயிற்றுநர் வேலை பொருந்தும். நின்று பேசுவதும், கேட்பவரைக் கவனிப்பதும், சலிப்பு தட்டும்போது போக்கை மாற்றுவதும் அப்படியே பயன்படும். ஒழுங்கு காக்கும் பொறுப்பு மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்த உலகில் பயிற்சியின் பலனை அளக்க டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு நிலைகளைத்தான் இன்றும் பேசுகிறார்கள்: பயிற்சி பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. பள்ளியில் நாம் இரண்டாம் நிலையில் நின்றுவிடுவோம். இங்கே மூன்றாம், நான்காம் நிலைகளைக் கேட்பார்கள் என்பதால், அதற்கான பேச்சுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். வயது வந்தவர்கள் எல்லோரும் ஆர்வமாகக் கேட்பார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. கட்டாயத்தின் பேரில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர், கடைசி வரிசையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனிடமிருந்து அதிகம் வேறுபடுவதில்லை.

பாடநூல் எழுதுவது, பதிப்பாசிரியராக இருப்பது, மென்பொருள்களுக்கான பயன்பாட்டுக் கையேடு எழுதுவது ஆகியவை மொழியில் பிடிப்பு உள்ளவர்களுக்கு நல்ல வழிகள். சிக்கலான ஒன்றை எளிய வரிசையில் வைக்கத் தெரிந்தவர்கள் அங்கே எப்போதும் தேவைப்படுகிறார்கள். மாணவர்களின் மனநல ஆலோசகர், சிறப்புக் கல்வி ஆசிரியர், நூலகர் போன்ற பணிகளுக்கு முறையான படிப்பும் தகுதியும் வேண்டும். பழைய அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றில் இறங்கக் கூடாது, இறங்க விடவும் மாட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையோடு மட்டும் உட்கார வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் அந்தப் படிப்புக்குச் செலவிடும் காலம் வீணாகாது. தனிப்பயிற்சி வகுப்பு உடனே தொடங்கக்கூடியது. ஆனால் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் மாலையும் விடுமுறை நாளும்தான் அதன் வேலை நேரம், தேர்வு முடிந்ததும் வருமானம் இறங்கிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணினித் துறைக்கு மாறிவிடலாமா என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மதிப்பெண் பட்டியலை விரிதாளில் போட்டு, எந்த வகுப்பு எந்தப் பாடத்தில் பின்தங்குகிறது என்று தேடிப் பார்ப்பதில் உண்மையாகவே மகிழ்ச்சி அடைந்தவர் என்றால், தரவு ஆய்வைக் கற்றுக்கொள்ளலாம். விரிதாளில் நல்ல தேர்ச்சி, தரவுத்தளங்களிலிருந்து தகவலை எடுக்கப் பயன்படும் எஸ்க்யூஎல் (SQL) மொழி, அடிப்படைப் புள்ளியியல் என்ற வரிசையில் போகலாம். சம்பளத்துக்காக மட்டும் என்றால், அனுபவம் உள்ளவர்களோடும் புதிதாகப் படித்து வெளிவருபவர்களோடும் ஒரே நேரத்தில் போட்டியிட வேண்டியிருக்கும் என்பதையும், மாதங்களில் வேலை உறுதி என்று சொல்லும் பயிற்சி நிலையங்களின் பேச்சை நம்பிச் சேமிப்பைக் கொட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்வது என் கடமை.

இனி, பெயரைக் கண்டு ஏமாறக்கூடாத வேலைகளைப் பற்றிச் சொல்கிறேன். "கல்வி ஆலோசகர்" என்ற பெயரில் ஆசிரியர்களைத் தேடி வரும் வேலைகளில் பலவும் உண்மையில் விற்பனை வேலைகள். நாள் முழுவதும் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களுடைய பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயத்தைக் கிளறி, கட்டண வகுப்பை விற்க வேண்டியிருக்கும். மாத இலக்கை எட்டாவிட்டால் வேலை இருக்காது. விற்பனை இழிவான தொழில் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் நலனுக்காக வாழ்ந்த ஒருவர், அதே பெற்றோரின் கவலையைக் காசாக்கும் இடத்தில் போய் நிற்கும்போது படும் வேதனை, பள்ளியில் பட்டதைவிடப் பெரிதாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன். நேர்காணலில் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: ஒரு நாளில் எத்தனை அழைப்புகள் செய்ய வேண்டும், சம்பளத்தில் எவ்வளவு பகுதி இலக்கைப் பொறுத்தது. பதில் நழுவினால் புரிந்துகொள்ளலாம். அதுபோலவே, ஆசிரியருக்குப் பெற்றோர் பலரைத் தெரியும் என்பதற்காகவே காப்பீட்டு முகவராகவும், ஆள் சேர்க்கும் வணிகத்துக்கும் அழைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உங்கள் திறமையா, உங்கள் கைபேசியில் உள்ள எண்களா என்று பாருங்கள். வேலைக்குச் சேர நீங்களே பணம் கட்ட வேண்டும் என்று கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் சேவை சார்ந்த வேலைகளையும் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். பள்ளிகளுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள், வாங்கிய பள்ளிகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, சிக்கல்களைத் தீர்த்து வைக்க முன்னாள் ஆசிரியர்களை விரும்பி எடுக்கின்றன. வேலை கண்ணியமானது, வளர்ச்சியும் உண்டு. ஆனால் உள்ளே எரிச்சல் இருந்தாலும் வெளியே இன்முகம் காட்டுவதை வேலையின் பகுதியாகவே செய்ய வேண்டியிருப்பதைச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983இல் உணர்ச்சி உழைப்பு என்று குறிப்பிட்டார். உங்களைப் பள்ளியில் வற்றச் செய்தது அதுதான் என்று உங்கள் தாள் காட்டினால், கோபமாக அழைக்கும் வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசும் வேலை உங்களுக்கு ஓய்வைத் தராது.

சுயவிவரக் குறிப்பு எழுதும்போது பெரும்பாலான ஆசிரியர்கள் தங்களுக்கே அநீதி செய்துகொள்கிறார்கள். "எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பித்தேன், வகுப்பாசிரியராக இருந்தேன், அறிவியல் கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்தேன்" என்று மூன்று வரிகளில் முடித்துவிடுகிறார்கள். பள்ளியில் வேலை பார்க்காத ஒருவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். எத்தனை மாணவர் குழுக்கள், எத்தனை வாரத் தயாரிப்பு, எவ்வளவு நிதியைக் கையாண்டீர்கள், எத்தனை பேர் பார்வையிட்டார்கள், மின்சாரம், இட வசதி, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு யார் யாரோடு பேசி ஒப்புதல் பெற்றீர்கள், குறித்த நாளில் முடிந்ததா என்று எழுதினால், அது ஒரு திட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திய அனுபவம் என்பது யாருக்கும் விளங்கும். உங்களுக்கு உண்மையாகத் தெரிந்த எண்களை மட்டுமே போடுங்கள். இல்லாததைச் சேர்க்கத் தேவையே இல்லாத அளவுக்கு ஆசிரியரின் ஓர் ஆண்டில் வேலை நிறைந்திருக்கிறது. எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அந்த வேலையில் இருப்பவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசி, அவருடைய நேற்றைய நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்பதும் மிகுந்த பயன் தரும். வேலையைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால் நல்லதையே சொல்வார்கள். நேற்றைய நாளைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள்.

புதிய வேலையின் முதல் ஆண்டில் சில இழப்புகள் மனதைக் குத்தும். சம்பளம் முதலில் குறையலாம். உங்களைவிட வயதில் இளையவர் மேலாளராக இருந்து, நீங்கள் எழுதியதைத் திருத்தித் தரலாம். நீண்ட விடுமுறைகள் இருக்காது. எல்லாவற்றையும்விட, நடந்து போகும்போது நான்கு பக்கமும் வணக்கம் கேட்ட ஒருவர், யாரும் நிமிர்ந்து பார்க்காத அலுவலகத்தில் போய் அமரும்போது தான் யார் என்ற கேள்வி எழுவது இயல்பு. பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டோமே என்ற உறுத்தலும் சேர்ந்துகொள்ளும். அந்த உறுத்தல் நீங்கள் நல்ல ஆசிரியராக இருந்ததால் வருவது. அதை மதிக்க வேண்டும், அதற்குக் கட்டுப்பட்டு உடலைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இயன்றால் கல்வியாண்டின் முடிவிலோ பருவத்தின் முடிவிலோ விலகலாம். எந்தப் பிள்ளைக்கு எதில் கூடுதல் கவனம் தேவை, பாடத்திட்டத்தில் எதுவரை முடிந்திருக்கிறது என்று அடுத்து வருபவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பது பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

நேர்காணலில் ஏன் விலகினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய பள்ளியைக் குறை சொல்லவும் வேண்டாம், நடந்ததை மறைக்கவும் வேண்டாம். பள்ளி வேலையில் தேர்வுத்தாள் தயாரிப்பதும் முடிவுகளை ஆராய்வதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன, அதற்குக் கிடைத்த நேரமோ மிகக் குறைவு, ஆகவே அதையே முழுநேரமாகச் செய்ய விரும்புகிறேன் என்பது போல, போகும் இடத்தை நோக்கிய உண்மையான பதில் போதும். வாரத் தாளை எழுதி முடித்தவருக்கு இந்தப் பதில் தானாகவே வரும்.

பள்ளியை விட்டு வரும்போது பணி அனுபவச் சான்றிதழையும், விடுவிப்புக் கடிதத்தையும், நடத்திய வகுப்புகள், பாடங்கள், ஆண்டுகள் ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பட்ட பணி விவரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் போய்க் கேட்டால் பொறுப்பில் வேறொருவர் இருப்பார். கற்பித்தல் தகுதிக்கான உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குப் பொருந்துமானால், வேறு வேலையில் சேர்ந்த பின்பும் அதைக் காலாவதியாக விடாதீர்கள். ஓரிரு ஆண்டுகள் வெளியில் இருந்துவிட்டு, உடலும் மனமும் தேறியபின் பகுதிநேரமாகவோ, வேறு வயதுப் பிள்ளைகளுக்கோ, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பவராகவோ திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அந்த வழி உங்களுக்கும் திறந்திருக்க அந்தக் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்.